அண்மை எங்கே இருக்கிறது?

சென்னை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேர்கோடு போட்டால் சுமார் 355 கிலோமீட்டர். அந்தக் கோடு ஏறக்குறைய நேர்தெற்காக ஓடி, மரக்காணம் உப்பளங்களுக்குக் கிழக்கே 20 கிலோமீட்டர் தள்ளிக் கடல்மேல் செல்கிறது. விமானத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இந்த இரண்டு எண்களில் எதுவும் அண்மையைச் சொல்லவில்லை என்பதே என் வாதம். இலங்கைப் போர்க்காலத்தில் அந்த 355-இல் ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை. ஆயினும் யாழ்ப்பாணம் போக நினைத்தவர் 650 கிலோமீட்டர் பறந்து கொழும்பு அருகே கட்டுநாயக்கவில் இறங்கி, தீவின் நீளத்தில் பெரும்பகுதியை வடக்கே ஏறிவர வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ-9 சாலை அடைபட்ட நாட்களில் அந்தத் தரைவழியும் இல்லை. 2019 நவம்பரில் சென்னை–பலாலி விமானச் சேவை தொடங்கியபோது சுருங்கியது கடல் அல்ல.

தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும், இதில் தத்துவத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மணிக்கு 500 கிலோமீட்டர் என்று வகுத்தால் 43 நிமிடம் வரும். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து அதை நீட்டுகின்றன. அதுவரை கணக்குப் போதும். போரால் மூடப்பட்ட வானத்துக்கு எதை எதனால் வகுப்பது? வைசேடிகர் என்ற பழைய இந்தியத் தத்துவப் பிரிவினர் இதை நெடுங்காலம் முன்பே யோசித்தார்கள். தொலைவு, அண்மை இரண்டையும் அவர்கள் குணங்களாகக் கொண்டு, இடத்தால் வருவன, காலத்தால் வருவன என்று பிரித்தார்கள். ஒப்பிட்டு எண்ணும் ஓர் அறிவு இல்லாமல் அவை தோன்றா என்றும் சொன்னார்கள். அப்படியானால் தொலைவும் அது தரும் பிரிவின் துயரமும் வெறும் மனப்பிரமையா? இல்லை. அவர்கள் கணக்கில் அந்தக் குணம் உண்மையானது, பொருளில் இருப்பது. அது பிறக்க ஒரு மனம் துணை நிற்க வேண்டும், அவ்வளவுதான். பலாலி விமானத்தின் பெருமையும் இதில்தான். வேகம் அண்மையை உண்டாக்கவில்லை. எண்ணிக்கொண்டே இருந்த மனங்களுக்கு வழிவிட்டது.

இதன் மறுபக்கம் மரக்காணத்தில் இருக்கிறது. விமானம் புறப்பட்ட சில நிமிடங்களில் கடந்துபோகும் இந்தக் கரையில், அடர்த்தி அளவில் மூன்றரை டிகிரியுள்ள உப்புநீர் பாத்தி மாறிப் பாத்தி மாறி இருபத்தைந்தை எட்ட வாரக்கணக்கில் வெயில் காய வேண்டும். காலம் ஒன்றே, சூரியன் நகர்வதைக் கொண்டு நாம்தான் அதைத் துண்டாக்குகிறோம் என்பதும் வைசேடிகக் கொள்கை. உப்பளத்திலோ சூரியன் காலத்தைக் காட்டுவதோடு நிற்காமல் வேலையையும் செய்கிறது. கண் கூசும் வெள்ளையில் நின்று உப்பை வாரும் பெண்ணின் உடம்பிலிருந்தும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. பறப்பவருக்கு 355 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தன் அத்தை அண்மையில் இருக்கிறார். 20 கிலோமீட்டரில் நிற்கும் இந்தப் பெண் எந்தத் தொலைவிலும் இல்லை. முன்பின் தெரியாதவரை எண்ணாதது குற்றமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் தெரியாதவர் என்ற சொல் இங்கே பொருந்தவில்லை: அந்த விமானத்தில் உள்ள எல்லோரும் காலையில் உப்புப் போட்டுச் சாப்பிட்டவர்கள்.