மழை தெரியும் வீடு

நாகர்கோவிலில் தம்பி கட்டிய வீட்டுக்கு அம்மா குடிபோன முதல் ஐப்பசியில், காலையில் எழுந்து கேட்டாள்: "மக்கா, ராத்திரி மழ பெஞ்சுதா?" விடிய விடியக் கொட்டித் தீர்த்திருந்தது. கான்கிரீட் தளமும் கண்ணாடிச் சன்னலும் ஏசியின் முனகலும் சேர்ந்து அவளிடமிருந்து மழையை மறைத்துவிட்டன. அதுவரை மழை பெய்ததா என்று அவள் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பூதப்பாண்டியில் எங்களுடையது ஓட்டு வீடு. நடுவில் முற்றம். நாலு சாய்ப்பின் மழையும் அதற்குள்தான் விழும். தாடகை மலையில் மேகம் இறங்குவது படிப்புரையில் உட்கார்ந்தாலே தெரியும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு ஓடும் மேல்காற்று, போகிற வழியில் எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்து புறவாசல் வழியே வெளியேறும். இரண்டு பருவமழையும் பெறுகிற நாஞ்சில் நாட்டில், கன்னிப்பூ நெல் நடவு எப்போது, கும்பப்பூ எப்போது என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடலாம்.

இப்போது அந்த வீட்டைப் பிரிக்க வேண்டும். உத்திரங்களைக் கரையான் அரித்துவிட்டது. 2017இல் ஒக்கிப் புயல் வீசியபோது பறந்த ஓடுகளின் இடத்தில் இன்னும் தகரம் கிடக்கிறது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "முற்றமெல்லாம் இப்ப யாரு விடுகா அண்ணாச்சி? அதுல ஒரு ரூம் போட்டா வாடகைக்காவது விடலாம்."

அவர் கணக்கைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த முற்றத்தின் அழகுக்கு உழைத்தது அம்மாதான். சாரல் அடித்த இரவுகளில் பாயைச் சுருட்டியதும், முற்றத்து மழைநீர் வெளியேறும் ஓவில் சருகு அடைத்தால் கையால் தோண்டியதும், புகை மண்டிய அடுக்களையில் கண் எரிய நின்றதும் அவள். படிப்புரைக் காற்று ஆண்களுக்கு. பழைய வீட்டை நினைத்து உருகும்போது இதை மறக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் இயற்கையோடு இயைந்த வீடு என்று இன்று விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் மலையைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சுவர். அது மலையைக் காட்டும். மண்வாசனையையும் தவளைச் சத்தத்தையும் உள்ளே விடாது. மேற்கு வெயிலை மட்டும் தாராளமாக விடும். அதைத் தணிக்க ஓர் எந்திரம் வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு அடிக்கடி போகிறேன். மர அழிகளுக்குப் பின்னால் நின்றால் கண் கூசாது, காற்று மட்டும் முகத்தில் படும். மரம் அங்கே செய்த வேலையைத் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கலால் செய்தார். 1917இல் பர்மிங்காமில் பிறந்து, 2007இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்தவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்டவேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதைக் கடைசிவரை விடவில்லை. செங்கலைக் குத்த நிறுத்தி நடுவே பொந்து விட்டுச் சுவர் எழுப்பினார். ஏறக்குறைய கால் பங்கு கல் மிச்சம், பொந்துக் காற்று வெக்கையையும் தடுக்கும். தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்தார். குறுக்கே மரம் நின்றால் சுவரை வளைத்தார்.

எங்கள் ஓடுகளும் அப்படித் தளத்துக்குள் போகட்டும் என்று முடிவு செய்தேன். புயலுக்குப் பறக்காது. பின்கட்டு அயினி மரத்துக்காகச் சுவர் இரண்டடி ஒதுங்கும். அடுக்களை படிப்புரைக்குப் பக்கத்தில், காற்று வரும் பக்கமாக வரும். முற்றம் சிறியதாகும், ஆனால் இருக்கும். அடைமழையில் கொஞ்சம் நனையும், எறும்பு வரும், யாராவது துடைக்க வேண்டும். இந்தமுறை அது என் வேலை.

வரைபடத்தை அம்மாவிடம் காட்டினேன். நடுவிலிருந்த சதுரத்தில் விரலை வைத்தாள்.

"ஓவு எந்தப் பக்கம் மக்கா?"

வரைந்தவர் அதை விட்டிருந்தார். பென்சிலை எடுத்தேன்.

"தென்னமூட்டுக்குப் போவ விடு," என்றாள்.