முதுமாணிக்கு முன் ஒரு பரீட்சை
ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலே லயத்து அறையில் படித்துக் கலைமாணிப் பட்டம் பெற்று ஆசிரியராய் அமர்ந்த ஒருவர், பிற துறைப் பட்டதாரிகளையும் ஏற்கும் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் தகவல் தொழில்நுட்ப முதுமாணிப் படிப்பில் சேரலாமா என்று யோசிப்பாராயின், கட்டணத்தோடு, பதுளையிலிருந்து செல்லும் இரவுப் புகையிரதப் பயணங்களையும், வீட்டார் இழக்கும் ஞாயிறுகளையும் கணக்கில் வைப்பது அவசியம்.

அதனினும் பிரதானமான பரீட்சை ஒன்றுண்டு: தோட்டத்து வரவுப் பதிவேடாகிய செக்ரோலைப் போல ஓர் ஏட்டை அமைத்து, கொழுந்து நிறையையும், முழுப்பேர், அரைப்பேர் எனும் முழுநாள், அரைநாள் வேலைக் கணக்கையும் பிழையறக் கூட்டித் தரும் சிறு நிரலொன்றைத் தாமே எழுதிப் பார்ப்பது. கூட்டுத்தொகை ஒரு கிலோ பிசகும்போது, எங்கே பிசகிற்று என்று நள்ளிரவுவரை தேடுவதில் மனம் ஆனந்தம் கொள்ளுமானால், அவர் தயக்கமின்றி விண்ணப்பிக்கட்டும். அந்த ஆர்வத்துக்குப் படிப்பு சாஸ்திர ஒழுங்கைத் தரும். சலிப்பே மிஞ்சுமாயின், சம்பளம் உயரும் என்ற ஒரே நம்பிக்கையில் கடன்பட்டுச் சேர்வதை நான் ஆமோதியேன்.