அப்பா கட்டாத கடிகாரம்

ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது சிரம்பானில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் ஒருவர் பழைய ரோலெக்ஸ் ஒன்று வாங்கினார். பழையது என்பதும் பொய், ரோலெக்ஸ் என்பதும் பொய். இரண்டும் தெரிந்தேதான் வாங்கினார். விலை சில நூறு ரிங்கிட். அசல் வேண்டுமென்றால், அதற்கு ஆகும் காசுக்கு சிரம்பானில் ஒரு வீடே வாங்கிவிடலாம்.

அது 1950களில் வந்த ‘சப்மரினர்’ என்னும் முக்குளிப்போர் கடிகாரத்தின் நகல். 1962இல் வந்த ‘டாக்டர் நோ’ படத்தில் ஷான் கானரி கட்டியிருந்தாரே, அந்த வகை. கறுப்பு டயல், பெரிய திருகு, தேதிச் சன்னல் கிடையாது. எண்களுக்கும் முட்களுக்கும் பூசிய சாயம் பழைய பனை ஓலையின் நிறத்துக்கு மங்கியிருந்தது. கூட்டின் ஓரங்களில் சின்னச் சின்னக் கீறல்கள். எழுபது ஆண்டுகள் யாரோ கட்டித் திரிந்ததுபோல இருந்தது. செய்து சில மாதம் ஆகியிருந்தால் அதிகம்.

செனவாங் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பு பார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணியை விரித்து, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு அதைத் திறந்துவிட்டார்.

திறப்பதற்கு முன்பே காது ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிடும். அந்தக் கால சப்மரினருக்குள் இருந்த இயந்திரம் மணிக்கு 18,000 முறை அடிக்கும். அதாவது விநாடிக்கு ஐந்து. இது ஆறு அடித்தது. பின்மூடியைத் திருகி எடுத்தால் காரணம் தெரிகிறது. ஜப்பானின் சிட்டிசன் குழுமம் 1970களில் கொண்டுவந்த மியோட்டா 8215 என்ற தானியங்கி இயந்திரத்தின் சீனப் பிரதி அது. ஆக, போலிக்குள்ளும் ஒரு போலி. மியோட்டாவைக் குறை சொல்ல முடியாது. மலிவு, உழைப்பாளி, கெட்டுப்போனால் புதிதாகவே மாற்றிவிடலாம். உலகமெங்கும் எத்தனையோ நேர்மையான கடிகாரங்களுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது. தன் சொந்தப் பெயரோடு வந்திருந்தால் இந்தக் கடிகாரத்தையும் யாரும் பழித்திருக்க மாட்டார்கள்.

திருகை அதன் தண்டோடு உருவி, இயந்திரத்தை வெளியே எடுத்தார். அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம். கூட்டுக்கும் இயந்திரத்துக்கும் அளவு பொருந்தாததால் இட்டு நிரப்பியது. முட்களைப் பிடுங்கி டயலைத் தூக்கியபோதுதான் வேடிக்கை. மேலே தேதி காட்டச் சன்னல் இல்லை. அடியிலோ 1 முதல் 31 வரை அச்சிட்ட தேதி வளையம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. கடையில் கிடைத்த ஆயத்த இயந்திரத்தில் தேதி இருந்தது. நகலெடுத்த மாதிரியில் தேதி இல்லை. மேலே ஒரு டயலைப் போட்டு மூடிவிட்டார்கள். ஒவ்வொரு நள்ளிரவும், யாரும் பார்க்க முடியாத இருட்டில், அந்த வளையம் ஒரு நாள் நகர்ந்துகொள்கிறது.

பழமையை எப்படி உண்டாக்குகிறார்கள் என்பது தனிச் சமையற்கலை. சுற்று வளையத்தின் கறுப்பை வெளுப்பு நீரில் ஊறவைத்துச் சாம்பல் நிறமாக்குவார்கள். டயலை அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். தேயிலைச் சாயமும் காப்பியும் தடவுவோர் உண்டு. எஃகுக் கூட்டைச் சரளைக் கற்களோடு போட்டுக் குலுக்கினால் ஐம்பது ஆண்டுக் கீறல் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். எண்களுக்கு, முதலிலேயே பழுப்பாகக் கலந்து விற்கிற ஒளிர்சாயம். விளக்கை அணைத்தால் இந்தப் போலி ஜோராக ஒளிர்கிறது. அசல் ஒளிராது. அதற்குப் பூசியது ரேடியம் கலந்த சாயம். அதில் இருந்த துத்தநாக சல்பைடு, ரேடியத்தின் கதிர் பட்டுப் பட்டே களைத்து, பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒளி இழந்துவிட்டது. ரேடியத்துக்கோ பாதி குறையவே 1,600 ஆண்டு வேண்டும். அந்தச் சாயத்தைப் பூசிய பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி, தாடை எலும்பு அழுகிச் செத்ததும், 1920களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அவர்கள் வழக்குப் போட்டதும் கடிகார வரலாற்றின் கறுப்புப் பக்கம்.

பெயரைத் திருடுவதைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. வயதைத் திருடித் தோற்றத்தில் ஏற்றுவதை மட்டும் சட்டம் தடுப்பதில்லை. அதைப் பெரிய கம்பெனிகளே செய்கின்றன. ஒமேகா 1957இல் வெளியிட்ட மூன்று கடிகாரங்களை 2017இல் மறுபடி செய்தபோது, ஒளிர்சாயத்தையும் பழுத்த நிறத்திலேயே பூசியது. பெயர் சொந்தப் பெயர், விலைச்சீட்டில் ஆண்டும் சரி. அதனால் அதைப் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் வாங்குகிறவர் எதற்குக் காசு கொடுக்கிறார்? தான் வாழாத அறுபது ஆண்டுகளுக்கு.

அந்த ஆண்டுகளை யாருடையதாக அவர் கற்பனை செய்கிறார் என்பதுதான் விஷயம். பெரும்பாலும் ஒரு தகப்பனுடையதாக. 1996இலிருந்து பதெக் பிலிப் கம்பெனி தன் விளம்பரங்களில் அப்பாவையும் மகனையும் உட்காரவைத்துப் படம் போடுகிறது. கடிகாரம் என்பது வாங்குவது இல்லை, கைமாறி வருவது என்கிற எண்ணத்தை விற்கிறது. கைமாற்றிக் கொடுக்க ஒன்றும் இல்லாத வீட்டில் பிறந்தவன் என்ன செய்வான்? கைமாறி வந்ததுபோலத் தோன்றுகிற ஒன்றை வாங்குவான். சிரம்பான்காரர் வாங்கியது ரோலெக்ஸின் நகலை மட்டும் இல்லை. இல்லாத ஒரு பரம்பரைச் சொத்தின் நகலையும் சேர்த்துத்தான்.

ஏன் இல்லை என்று கேட்டால், அவர் பிறந்த நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களில் நேரம் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

கடிகாரம் துரையின் பங்களாவிலும் ஆபீசிலும் இருந்தது. கையில் கட்டியவர் தோட்டத்து எழுத்தரான கிராணியார். லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்களுக்குத் தப்புச் சத்தமோ, தொங்கவிட்ட இரும்பில் அடிக்கும் மணியோசையோதான் நேரம். இருட்டில் எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பிந்திப் போனால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விழாது, அன்றைய கூலி போச்சு. இந்த அவசரத்துக்கு மரத்தின் பக்கமும் ஒரு காரணம் உண்டு. ரப்பர் மரப்பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் விடிவதற்கு முன்புதான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்கும், அழுத்தம் தளரும், பால் குறையும். அதனால் வெட்டு விடியலில், மங்கில் சேர்ந்த பாலை எடுப்பது முற்பகலில். மரம் பார்ப்பது சூரியனை. ஆள் பார்க்க வேண்டியிருந்தது ஆபீஸ் கடிகாரத்தை.

அந்த ஆபீஸ் கடிகாரமும் ஒரே பேச்சில் நின்றதில்லை. சிரம்பான் ஏறக்குறைய 102 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. சூரியக் கணக்கில் கிரீன்விச்சைவிட 6 மணி 48 நிமிடம் முன்னால். வெள்ளைக்காரன் காலத்தில் 1905இல் மலாயா நேரம் 7 மணி முன்னால் என்றானது, 1933இல் 7 மணி 20 நிமிடம், 1941இல் ஏழரை. ஜப்பான்காரன் வந்தான், 1942இல் மலாயா முழுக்க டோக்கியோ நேரம், 9 மணி முன்னால். அப்போது சிரம்பானில் கடிகாரம் காலை ஆறு காட்டினால், வானத்துக்கு நான்கு மணிகூட ஆகவில்லை. அந்தக் காலத்தில்தான் தோட்டங்களிலிருந்து ஆட்களை சயாம் மரண ரயில்பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். போர் முடிந்ததும் மறுபடி ஏழரை.

பிறகு 1981. அந்த ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி, நெகிரி செம்பிலானிலும் தோட்டங்கள் வைத்திருந்த பிரிட்டிஷ் கத்ரி கம்பெனியை, மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் தன் வசமாக்கியது. அதே ஆண்டின் கடைசி நாள் இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் எல்லாம் 12.00க்குத் தாவின, சபா, சரவாக் நேரத்தோடு நாடு முழுவதும் ஒரே நேரமானது. நான்கு மாதத்துக்குள் முதலாளியும் மாறி மணியும் மாறியது. அதுவரை ஐந்தரை என்று சொன்ன விடியற்கால வேளைக்கு ஆறு என்று பெயர் வந்தது. மரங்களுக்கு இரண்டு செய்தியும் போய்ச் சேரவில்லை.

இப்படி மணியடித்து எழுப்பப்பட்ட ஒருவர் மகனுக்கு எந்தக் கடிகாரத்தை விட்டுப் போயிருப்பார்? சிரம்பான்காரரின் வீட்டுச் சுவரில் அவருடைய அப்பாவின் படம் ஒன்று தொங்குகிறது. கோட்டு, பவுடர் பூசிய முகம், முன்னால் நீட்டி வைத்த இடது கையில் கடிகாரம். கோட்டும் ஸ்டூடியோவுடையது, கடிகாரமும் ஸ்டூடியோவுடையது. அந்தக் காலத்துப் படக்கடைகளில் இரண்டும் இரவலாகக் கிடைக்கும். படம் எடுத்து முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பியிருப்பார். முள் எத்தனை மணியில் நிற்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரிவதில்லை.

இந்தப் படத்தை வைத்துப் பார்த்தால் நகல் வாங்கிய மகனை எளிதில் குற்றம் சொல்ல மனம் வராது. அப்பா ஒரு நிமிடம் கட்டிக் கழற்றிய ஆசையை மகன் காசு கொடுத்துக் கட்டிக்கொள்கிறார், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வேறுபாடு இருக்கிறது. அப்பா இரவல் வாங்கியது பொருளை. அது தன்னுடையது இல்லை என்று ஸ்டூடியோக்காரருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். மகன் வாங்கியது யாருமே வாழாத ஒரு வாழ்க்கையின் தேய்மானத்தை. அந்தக் கீறல்களில் ஒன்றுகூடக் கத்தி பிடித்த கையால் வந்ததில்லை; கடலில் முக்குளித்த கையாலும் வந்ததில்லை. சரளைக்கல் போட்ட கீறல். பால்மரக் காட்டில் தேய்ந்த மனிதரின் நினைவுக்குப் பதிலாக அதைக் கட்டிக்கொள்வது, சுவரில் இருக்கும் படத்தை எடுத்துவிட்டு வேறு யாருடைய அப்பாவையோ மாட்டிவைக்கிற வேலை.

நிலமே வயதை அழித்துக்கொள்கிற காலத்தில் இந்த ஆசை கூடுவது இயற்கை. நீலாய், லாபு, செண்டாயான் பக்கம் போய்ப் பார்த்தால், வரிசை வீடுகளும் பேரங்காடிகளும் நிற்கிற மண்ணில் பெரும்பகுதி பழைய தோட்டம். லயத்தை இடித்தார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடு வந்தது. கோயில் சில இடங்களில் நிற்கிறது, பல இடங்களில் இடம் மாறிவிட்டது. கண்ணுக்குப் பழையதாக எதுவும் மிஞ்சாத இடத்தில் கையிலாவது ஒன்று பழையதாக இருக்கட்டும் என்று ஒருவர் நினைத்தால், அந்த நினைப்பில் நியாயம் இருக்கிறது. அவர் தேர்ந்தெடுத்த பொருள்தான் தவறு.

இதற்கு நேரெதிரான கேடும் உண்டு. பழையதைப் புதிதாக்கி விற்பது. பெங்களூரில் 1961இல் சிட்டிசன் உதவியோடு தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரங்கள் இந்தியாவில் ஒரு தலைமுறையின் கையில் இருந்தன. 2016இல் அந்தத் தொழிலை மூட அரசு முடிவு செய்தது. அதன் பிறகு அவற்றின் மதிப்பு ஏறியது. கிழிந்த டயலைச் சுரண்டி, சிவப்பும் ஊதாவுமாகப் புதுச்சாயம் அடித்து, எந்த முள் எந்தக் கூட்டுக்கு என்ற கணக்கே இல்லாமல் பூட்டி அனுப்புகிறார்கள். சேகரிப்போர் அதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நகலில் பொய்யான வயதை ஏற்றுகிறார்கள். இதில் உண்மையான வயதைக் கழுவுகிறார்கள்.

தோட்டத்து வீடுகளில் அசல் பழமை சுத்தமாக இல்லாமல் போய்விடவில்லை. 1963இல் அறிமுகமான சீக்கோ 5, எழுபது எண்பதுகளில் மகனோ மகளோ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது, இன்றும் பல வீட்டு அலமாரிகளில் நின்றுபோய்க் கிடக்கிறது. விலை போகாது என்று யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அதன் பின்மூடியில் ஓர் எண் பொறித்திருக்கும். அந்தக் காலக் கடிகாரங்களில் முதல் எழுத்து ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம், அக்டோபருக்குச் சுழியமும் நவம்பர் டிசம்பருக்கு ஆங்கில முதலெழுத்தும். 82 என்று தொடங்கினால் அது ஏதோ ஒரு பத்தாண்டின் எட்டாம் ஆண்டு பிப்ரவரியில் செய்தது; எந்தப் பத்தாண்டு என்பதை மாதிரி எண்ணும் வீட்டுக் கதையும் சொல்லிவிடும். நகல்களில் ஒரே எண்ணை ஆயிரக்கணக்கில் பொறித்துத் தள்ளுகிறார்கள்.

அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்க் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள். கண்ணாடியைத் தேய்த்துத் தரட்டும், வாரை மாற்றட்டும். டயலுக்குப் புதுச்சாயம் அடிக்கவோ கூட்டைப் பளபளக்கத் தீட்டவோ கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதைவிடப் பழையதாக, 1960களிலோ அதற்கு முன்போ செய்த, முள்ளில் ஒளிர்சாயம் பூசிய கடிகாரம் என்றால், வீட்டில் வைத்துத் திறக்க வேண்டாம், சாயத்தைச் சுரண்டவும் வேண்டாம். அது ரேடியமாக இருக்கலாம்.