கண்டெடுத்த பொருள்

இங்கிலாந்தின் தென்கரையில் போர்ன்மத் போன்ற கடற்கரை நகரங்களில், நீராட வந்த கூட்டம் கலைந்தபின் வேறு சிலர் மணலுக்கு வருவர். கையில் நீண்ட தண்டு; அதன் நுனியில் வட்டமான கம்பிச்சுருள்; காதில் ஒலிக்கருவி. இதுவே மெட்டல் டிடெக்டர். சுருளில் ஓடும் மின்சாரம் மணலுக்குள் காந்தப்புலத்தைப் பரப்ப, அடியில் உலோகம் இருப்பின் காதில் ஓர் ஒலி எழும். பெரும்பாலும் கிடைப்பன துருப்பிடித்த ஆணியும் சில்லறைக் காசும்தாம். என்றேனும் ஒருநாள் ஒரு மோதிரம். புயலலை மேல்மணலை அரித்துச் சென்ற மறுநாள் இவர்களுக்குத் திருநாள்.

மோதிரத்தைப் பற்றி வழக்கில்லை. இழந்தவர் எங்கோ இன்னும் வருந்திக்கொண்டிருப்பார். உட்புறம் பொறித்த பெயரைக் கொண்டு அவரைத் தேடுவது கண்டவர் கடன். "கீழே கிடந்தது, எடுத்தேன்" என்று வரும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் விடையும் அதுவே.

பழம்பொருளோ அவ்வாறன்று. இழந்தவர் மாண்டு பல நூற்றாண்டுகள் ஆயின. யாரிடம் திருப்பித் தருவது? 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பண்டங்களை 14 நாளுக்குள் அறிவித்தல் வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம். அருங்காட்சியகம் அவற்றை ஏற்றால் கண்டவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் பரிசுத்தொகை உண்டு. கடற்கரையிலன்றி, ஸ்டாஃபர்ட்ஷயரின் உள்நாட்டு வயலொன்றில் 2009இல் கிடைத்த பொற்குவியலுக்கு 32.85 லட்சம் பவுன் மதிப்பிட்டு இருவருக்கும் பகிர்ந்தளித்தனர். நம் நாட்டிலும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்கச் சொல்கிறது. (பத்து ரூபாய் அன்று பெருந்தொகை!)

கூலி பெறும் நேர்மை நேர்மையாகுமா என்று சிலர் கேட்பர். ஆசைக்கு இட்ட வேலி அது என்பதே நம் கருத்து. வேலி காப்பது பொன்னை மட்டுமன்று. அழகன்குளத்து அகழாய்வில் ஓர் உரோமானிய நாணயம் கிடைத்தால், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பது பழந்தமிழர் வாணிகத்தைப் பேசும். அதே நாணயத்தை ஒருவர் இரவில் தோண்டிக் கடையில் விற்றால் எஞ்சுவது விலை ஒன்றே. அலை புரட்டிய மணலில் இவ்விழப்பு குறைவு. பழந்துறை மண்ணில் ஈடு செய்ய இயலாதது.

ஊர்விட்டு வந்த நமக்கு இது விளங்காததன்று. பாட்டியின் வெண்கல உருளி எந்த வீட்டு அடுப்பில் ஏறியது, எவர் திருமணத்துக்குப் பாயசம் காய்ச்சியது எனச் சொல்ல ஆளில்லையேல், பழைய பாத்திரக்காரன் அதனை எடைபோட்டு வாங்கிச் செல்வான்.

சட்டம் கேளாத பொருளையும் தாமே முன்வந்து பதிவு செய்யும் ஏற்பாடு இங்கிலாந்தில் 1997இல் தொடங்கியது. இதற்குப் பரிசு கிடையாது. ஆயினும் பலர், கிடைத்த செப்புக் கொக்கியோ பித்தளைப் பொத்தானோ எதுவாயினும், கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, உரிய அலுவலரிடம் காட்டி எழுதுவித்த பின்னரே வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர்.