மணிக்கட்டைப் பாருங்கள்

ஒரு நாள் விடிகாலை, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில், மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்த என் மகனின் மணிக்கட்டில் அந்தக் கயிற்றைப் பார்த்தேன். இரண்டு நிற நூலை முறுக்கி, மூன்று முடிச்சு இறுக்கிப் போட்டிருந்தது. கோயிலில் கட்டிவிடும் கயிறு அல்ல. கோயில் கயிறு எது, சாதிக் கயிறு எது என்று நெல்லைச் சீமையில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வயிறு கலங்கிவிட்டது. ஆனால் மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வானோ, கதவைச் சாத்திக்கொள்வானோ, சாப்பிடாமல் போய்விடுவானோ என்று பயந்தேன். நான் தூக்கி வளர்த்த பதினைந்து வயதுப் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பெற்றவர்களே, தன்னம்பிக்கை பிள்ளைகளுக்கு மட்டும் போதும் என்று யார் சொன்னது? முதலில் அது வேண்டியது நமக்கு!

மார்க்கைப் பற்றிக் கவலைப்படுகிறோம். படுவோம், தப்பில்லை. எட்டயபுரம் சின்னசாமி ஐயரும்தான் கவலைப்பட்டார்; மகன் கணக்கில் தேறி ஆளாக வேண்டும் என்று நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் கொண்டுவந்து சேர்த்தார். பையனுக்கோ மனசெல்லாம் கவிதையில். அந்தப் பையன்தான் பாரதி. மார்க் கவலை இந்த ஊருக்குப் புதிதல்ல. அதற்கு ஒரு வழி பிறக்கும். செல்போனைப் பிடுங்கி வைக்கிறோம், லைசென்ஸ் இல்லாமல் பைக்கைத் தொட்டால் கத்துகிறோம். எல்லாம் சரி. கையில் கட்டிய கயிற்றைப் பற்றி மட்டும் ஏன் நம் வாய் அடைத்துப்போகிறது?

நாங்குநேரியை மறந்துவிட்டோமா? 2023 ஆகஸ்ட் மாதம். பிளஸ் டூ படித்த ஒரு தலித் பையன், கூடப் படித்தவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் சில நாள் பள்ளிக்கே போகவில்லை. ஆசிரியர்கள் காரணம் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். அதற்காக இரவில் அரிவாளோடு வீடேறி வந்து வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வந்தவர்கள் ரவுடிகள் அல்ல, வயசுப் பிள்ளைகள். சாயங்காலம் தம் வீட்டில் அம்மா கையால் காபி வாங்கிக் குடித்திருக்கக்கூடிய பிள்ளைகள்!

அந்தப் பையன் படுக்கையிலிருந்து எழுந்தான். மறுபடியும் புத்தகத்தை எடுத்தான். 2024 மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தபோது 600க்கு 469 வாங்கியிருந்தான். வெட்டுப்பட்ட பிள்ளைக்கு அத்தனை நெஞ்சுரம் இருக்கிறது. ஒரு சொல் கேட்க நமக்கு இல்லையா?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, பள்ளிக்குள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் கூடாது என்று பரிந்துரைத்தது. நல்லது. ஆனால் கயிறு கட்டிய கை ராத்திரி நம் வீட்டுத் தட்டில்தானே சோறு பிசைகிறது? அங்கே எந்த நீதிபதி வருவார்? அங்கே நீங்கள்தான் நீதிபதி.

நான்காம் நாள் ராத்திரி கேட்டேவிட்டேன். தோசை வைத்துக்கொண்டே, சத்தம் போடாமல்.

"ஏய்யா, இது யாரு கட்டிவிட்டா?"

"சும்மாதாம்ப்பா. எல்லாவனும் கட்டிருக்கான்."

"கட்டாட்டா?"

வெகுநேரம் சட்னியைத் தொட்டுத் தொட்டு வைத்தான். பிறகு தலை நிமிராமலே சொன்னான்: "பெஞ்சுல உக்கார விடமாட்டானுவ."

கேட்டீர்களா? வீரம் அல்ல அது. பயம்! தனியாகிவிடுவோமோ என்ற பயத்தில் என் பிள்ளை அதைக் கட்டியிருக்கிறான். அவனைக் கேட்கப் பயந்து நான் மூன்று நாள் சுருண்டு கிடந்திருக்கிறேன். நாங்குநேரி பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இத்தனை நாளும் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வீட்டில் யாரும் பேசாவிட்டால் பிள்ளை அப்படித்தானே நினைப்பான்?

பேசினால் பிள்ளை பொங்குவானே என்கிறீர்களா? குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பாருங்கள். தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிற கோயில். வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மூலவர் ஆற்றுக்குள்ளேயே இருப்பார். 2023 டிசம்பரில் ஊரையே புரட்டிப்போட்ட வெள்ளத்திலும் தண்ணீர் வடிந்ததும் கோயில் அதே இடத்தில் இருந்தது. சேற்றை அள்ளிக் கொட்டிவிட்டு விளக்கேற்றினார்கள். பதிமூன்றிலிருந்து பத்தொன்பது வரை பிள்ளைக்கு வெள்ளம்தான் ஐயா! கத்துவான், கதவை அறைவான், முகம் கொடுத்துப் பேசமாட்டான். உங்கள் வீட்டிலும் சேறு சேரும். சேரட்டும். நீங்கள் இடம் பெயராதீர்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள்!

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. கயிற்றைப் பிள்ளை கடையில் வாங்குகிறான்; அதற்குப் பொருளை நாம்தான் கற்றுக்கொடுக்கிறோம். புதுச் சிநேகிதன் பெயரைச் சொன்னதும் "அவன் யாரு வீட்டுப் பிள்ளை?" என்று நீட்டிக் கேட்கிறோமே, அங்கே முதல் முடிச்சு விழுகிறது. கல்யாண வீட்டில் நம் பெருமையைப் பேசி, மற்றவனைச் சிறுத்துச் சொல்லிச் சிரிக்கிறோமே, அது இரண்டாவது. நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை விட முடிந்த தகப்பனுக்குத்தான் மகன் கயிற்றைப் பற்றிப் பேச வாய் இருக்கும்.

நான் கத்திரிக்கோலைத் தேடவில்லை. பதினோரு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குறுக்குத்துறைப் படித்துறையில் சட்டையைக் கழற்றினான். கையில் கயிறு இல்லை. அது இருந்த இடத்தில் வெயில் படாத தோல் ஒரு கோடாக வெளுத்துத் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆற்றில் இறங்கி அக்கரை பார்த்து நீந்தினான்.

இப்போது வகுப்பில் வேறு பெஞ்சில் உட்காருகிறான். முதல் வாரம் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த வாரம் எனக்கும் தூக்கமில்லை. இருந்தாலும் தினமும் சாயங்காலம், மார்க் கேட்பதற்கு முன்னால், ஒன்றை மட்டும் கேட்கிறேன். இன்று ராத்திரி நீங்களும் உங்கள் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து கேளுங்கள், பயப்படாமல் கேளுங்கள்:

"இன்னிக்கு யாருகூடய்யா சாப்பிட்ட?"