காணாத ஒளி

நம் கோபிசெட்டிபாளையத்துத் தேநீர்க் கடைகளிலும் படிப்பகங்களிலும் பகுத்தறிவு பேசும் இளைஞர்களை நோக்கி ஒரு கேள்வி வீசப்படுவதுண்டு. "ஏனுங்க தம்பி, கண்ணால் காணாததை ஒத்துக்கொள்ள மாட்டோம் என்கிறீர்களே, புறஊதாக் கதிரை மட்டும் கண்டீர்களா? சூரியன் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களா? விஞ்ஞானி சொன்னார், நீங்கள் நம்பினீர்கள். முன்னோர் சொன்னார்கள், நாங்கள் நம்பினோம். இரண்டுக்கும் என்னங்க வேற்றுமை?"

இக்கேள்வியை எள்ளி நகையாடி ஒதுக்குவது எளிது. ஆனால் ஏளனம் விடையாகாது. கேட்டவர் வயதில் மூத்தவர், கேள்வியோ கூரியது. அதற்குத் தக்க விடை நம்மிடம் இல்லையெனில், நாம் கொண்டது பகுத்தறிவு என்பதற்கும் சான்று இல்லை. ஆகவே அதனை நேர்நின்று ஆராய்வோம்.

2023 செப்டம்பர் 2ஆம் நாள், ஸ்ரீஅரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 என்னும் விண்கலம் புறப்பட்டது. 2024 சனவரி 6ஆம் நாள், புவியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், இடையறாது சூரியனை நோக்கவல்ல ஓர் இடத்தை அடைந்தது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி என்னும் தமிழ்ப் பெண்மணி. அக்கலத்திலுள்ள கருவிகளுள் ஒன்று சூட் எனப்படும் புறஊதாத் தொலைநோக்கி. புனேயிலுள்ள ஆய்வு மையத்தின் தலைமையில் உருவானது. 200 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள, நம் கண்ணுக்குப் புலனாகாத ஒளியைப் பதினொரு வடிகட்டிகளின் வழியே பிரித்துப் படமெடுக்கிறது. அது காட்டுவது சூரியனின் கீழ்வளிமண்டலத்தை: நம் கண்ணில் வட்டமாய்த் தெரியும் ஒளிமண்டலத்தையும், அதன்மேல் படர்ந்த நிறமண்டலத்தையும்.

இவற்றுள் எதை நாம் கண்டோம்? எதையும் கண்டிலோம். படித்தோம், கேட்டோம், ஏற்றோம். அவ்வளவே. அவ்வாறாயின், நம் ஏற்பும் நம்பிக்கைதானோ?

இல்லை என்போம். காரணம் சொல்வோம்.

கொடிவேரி அணையில் நீர் விழுந்து தெறிக்கும்போது, வெயிலும் திவலையும் கூடும் இடத்தில் வானவில் தோன்றும். வெள்ளொளியில் பல நிறங்கள் உறங்குகின்றன என்பதை அணை நீரே நமக்கு விரித்துக் காட்டுகிறது. அடுப்பெரியும்போது ஒரு சிட்டிகை உப்பு தீயில் விழுந்தால், சுடர் மஞ்சளாய்ப் பளிச்சிடுவதை நம் தாய்மார்கள் அறிவார்கள். உப்பிலுள்ள சோடியம் தீயில் சூடேறும் ஒவ்வொரு முறையும் அதே மஞ்சள்தான். அரசன் வீட்டு அடுப்பாயினும் ஆண்டி வீட்டு அடுப்பாயினும் அதில் மாற்றமில்லை. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒளியில் தனக்கெனச் சில கோடுகள் உண்டு. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, தனிமத்துக்கு அக்கோடுகள் அப்படி. இதனை 1859இல் செருமனியில் கிர்க்காஃபும் பன்சனும் மெய்ப்பித்தனர். விண்மீன்கள் எப்பொருளால் ஆயின என்பதை மனிதன் என்றுமே அறிய இயலாது என 1835இல் கோம்ட் என்னும் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் எழுதியிருந்தார். அவர் மூடநம்பிக்கையை எதிர்த்தவர்தான். ஆயினும் அவர் இட்ட வேலியை ஒரு முப்பட்டைக் கண்ணாடி தாண்டிவிட்டது.

1868 ஆகஸ்டு 18. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் முழுச் சூரிய கிரகணம். ராகு விழுங்கினான் எனக் கதை வழங்கிய நாட்டில், பிரான்சிலிருந்து வந்த ஜான்சன் நிறமாலை காட்டியை நிறுத்தி, மறைந்த சூரியனின் விளிம்பை நோக்கினார். அவ்வாண்டு காணப்பட்ட கோடுகளில் ஒரு மஞ்சள் கோடு, சோடியத்தின் கோட்டோடு பொருந்தவில்லை. புவியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. இங்கிலாந்தின் லாக்கியர் அதற்குச் சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் எனப் பெயரிட்டார். பலர் ஐயுற்றனர். ஐயுற்றவரை எவரும் நாத்திகர் என்று தள்ளி வைக்கவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் சென்றபின், 1895இல், ராம்சே என்பவர் ஒரு கனிமத்திலிருந்து அதே கோடுடைய வாயுவைப் புவியிலேயே பிரித்தெடுத்தார். சூரியனில் கண்டதைக் கையருகே கொணர்ந்து காட்டியபின்தான் ஐயம் ஓய்ந்தது.

கோடுகள் இன்னொன்றும் சொல்லும். சத்தியமங்கலம் சாலையில் நம்மை நோக்கி விரையும் பேருந்தின் ஊதல் கூர்மையாய்க் கேட்கிறது. நம்மைக் கடந்து போனதும் தணிந்து ஒலிக்கிறது. ஒளிக்கும் அஃதே. வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப்பக்கம் நகரும்; விலகிப் போனால் சிவப்புப்பக்கம் நகரும். இந்நகர்வை அளந்துதான், 1909இல் நம் கொடைக்கானல் ஆய்வகத்தில் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார்.

அப்படியாயின் விண்வெளிக்கு ஏன் செல்ல வேண்டும்? நிறமண்டலத்தின் நிலையைத் தெளிவாய்க் கூறும் மக்னீசியக் கோடுகள் 280 நானோமீட்டருக்கு அருகே, புறஊதாவில் உள்ளன. அவ்வொளியை நம் தலைக்குமேலுள்ள ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. உயிர்களைக் காக்கும் அப்படலமே ஆராய்ச்சிக்குத் திரையாகிறது. ஆதலால் திரைக்கு அப்பால் கருவியை அனுப்ப வேண்டியதாயிற்று. 2013இல் அமெரிக்கா ஏவிய ஐரிஸ் செயற்கைக்கோள் அக்கோடுகளை நிறமாலையாய் விரித்துப் படித்தது. ஆதித்யா சூரியனின் முழுவட்டத்தையும் அவ்வொளியில் படமெடுத்தது.

'கண்ணுக்குத் தெரியாத ஒளி உண்டென்பதற்கு இங்கே என்ன சான்று?' என்று கேட்கலாம். நம் ஊர் மஞ்சளே சான்று! சிறிது மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்து, இருட்டறையில், ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புறஊதா விளக்கின்கீழ் வையுங்கள். விளக்கை உற்று நோக்கவேண்டாம். கரைசல் பச்சை கலந்த மஞ்சளாய் ஒளிரும். காணாத ஒளியை வாங்கிக் காணும் ஒளியாய்த் திருப்பித் தருகிறது கொங்கு நாட்டு மஞ்சள். நோட்டின் இழைகள் ஒளிர்வதும் அவ்வாறே. ஈரோட்டு வணிகரும் இதைச் செய்து பார்க்கலாம். அவர் கடையில் மூட்டை தூக்குபவரும் செய்து பார்க்கலாம். இருவருக்கும் ஒரே விடைதான் கிடைக்கும்.

இதோ வேற்றுமை! நாம் ஏற்பது விஞ்ஞானியின் சொல்லை அன்று. அச்சொல் வந்த வழியை. அவ்வழி மறைக்கப்படவில்லை. எவரும் அதில் நடக்கலாம். நாம் நடக்காவிடினும், நடக்கும் பலர் ஒருவர் பிழையை ஒருவர் காணக் காத்திருக்கிறார்கள். எது நிகழ்ந்தால் தம் கூற்று பொய்யாகும் என்பதையும் அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பெரியவர் ஒருவர் பிழைபட்டால் அதனைத் திருத்தவும் அங்கே வழியுண்டு. 1925இல் செசிலியா பெயின் என்னும் இளம்பெண், சூரியனிலும் விண்மீன்களிலும் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே எனக் கணக்கிட்டார். அக்காலத்துப் பேரறிஞர் ரசல் அதனை மறுத்தார். அப்பெண் தம் முடிவைத் தாமே ஐயுற்று எழுத நேர்ந்தது. நான்கே ஆண்டுகளில், 1929இல், வேறு வழியில் சென்று அதே முடிவை அடைந்த ரசல் அதனை ஏற்றார். புகழைக் கோடுகள் பொருட்படுத்தவில்லை.

ஆனால் தோழர்களே, இங்கே நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. வழி திறந்திருக்கிறது என்றோம். உண்மையில் எல்லோருக்கும் திறந்திருக்கிறதா?

பெயின் கையாண்ட கணக்கைத் தந்தவர் மேகநாத சாகா. 1893இல் டாக்கா மாவட்டத்துச் சிற்றூரில், சிறு மளிகைக் கடைக்காரர் மகனாய்ப் பிறந்தார். கல்கத்தாவில் படித்தபோது, விடுதியில் அவரோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மேல்சாதி மாணவர் சிலர் மறுத்தனர். அந்தச் சாகாதான் 1920இல், சூரிய நிறமண்டலத்தில் அணுக்கள் எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் எவ்வளவு அயனியாகின்றன என்பதைச் சமன்பாடாய் எழுதி உலகுக்கு அளித்தார். நிறமண்டலத்தின் கோடுகளைப் படிக்க அடிப்படையாய் அமைந்தது அக்கணக்கு. உடன் உண்ண மறுத்தவர்கள் அவருக்குப் பள்ளிக்கதவையும் சாத்தியிருந்தால், இழப்பு சாகாவுக்கு மட்டுமா? இன்றும் பாதியில் பள்ளியை விட்டுக் கரும்புக் காட்டுக்கும் நூற்பாலைக்கும் போகும் பிள்ளைகளுள் எத்தனை கண்கள் மூடப்படுகின்றன! அவர்களுக்கு அறிவியல் என்பதும் எங்கோ இருந்து வரும் அசரீரி தானே? அவர்களிடம் போய், 'வழி திறந்திருக்கிறது' என்று சொல்வது அறமாகுமா?

வயிற்றுக்கும் வானுக்கும் தொடர்பில்லை என எண்ண வேண்டா. 1876 முதல் 1878 வரை கோயமுத்தூரையும் சேலத்தையும் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகே, மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என அறியும் வேட்கை வலுத்து, கொடைக்கானல் ஆய்வகம் எழக் காரணமாயிற்று. சூரியப் புள்ளிகளை எண்ணிப் பஞ்சத்தை முன்னுரைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு எண்ணியபடி நிறைவேறவில்லை. நிறைவேறவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதி வைத்தார்கள்.

இன்னும் விடுபடாத புதிரும் உண்டு. அடுப்பைவிட்டு அகன்றால் வெப்பம் குறைவது இயல்பு. சூரியனில், ஒளிமண்டலத்தில் சுமார் 5,500 பாகையாயிருக்கும் வெப்பம், சற்று மேலே ஏறத்தாழ 4,000 பாகையாய்க் குறைந்து, நிறமண்டலத்தில் மீண்டும் 10,000 பாகையைத் தாண்டி, அதற்கு அப்பாலுள்ள மகுடத்தில் பத்து லட்சம் பாகையை எட்டுகிறது. ஏன்? காந்தப்புலமும் அலைகளும் அங்கே ஆற்றலைச் சுமந்து செல்கின்றன என்பர்; எது எவ்வளவு என்பது முற்றத் தெளியவில்லை. ஆகவேதான் கலங்கள் சென்றன. 'தெரியாது' என்று சொல்லத் துணிந்தவனே தேடப் புறப்படுகிறான்.

எனவே, கேள்வி கேட்ட பெரியவரிடம் பணிவோடு சொல்வோம்: "ஐயா, நாங்கள் சொல்வதையும் நம்பாதீர்கள், வாருங்கள், மஞ்சளும் விளக்கும் இதோ இருக்கின்றன." நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம்: 'விஞ்ஞானம் சொல்லுகிறது' என்பதைப் பொருளறியாது ஓதினால், அதுவும் ஒரு மந்திரமே. படிப்பகந்தோறும் ஒரு முப்பட்டைக் கண்ணாடி வாங்கி வைப்போம். பள்ளியை விட்ட பிள்ளையை அழைத்துவந்து, அதன் கையில் முதலில் கொடுப்போம். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை!