மிதித்தால் நிற்கணும், தம்பி!

பின் பிரேக்கை மிதிக்கிறாய். மிதி அடிவரை இறங்குகிறது. வண்டி பாட்டுக்கு ஓடுகிறது. கேட்டால், "இந்த மோட்டார் அப்படித்தாண்ணே, பழகிப்போச்சு" என்கிறாய். பழகவே கூடாத ஒன்றுக்குப் பழகிவிட்டாய், தம்பி!

ஜெஞ்சாரோமில் விடியற்காலையில் மோட்டாரை எடுக்கும் நம் பிள்ளைகளில் பலர் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்கும் கிள்ளானுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். கிள்ளான் – பந்திங் சாலையில் உனக்கு முன்னால் செம்பனைக் குலை லாரி, பின்னால் கண்டெய்னர் லாரி. மழை பிடித்துவிட்டால் சொல்லவே வேண்டாம். மலேசியாவில் சாலை விபத்தில் சாகிறவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அந்தக் கணக்கில் நீ ஏன் சேர வேண்டும்?

"எனக்கு மெக்கானிக் வேலை வராதே" என்று தயங்காதே. கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் 1893ல் பிறந்து, பெரிய கண்டுபிடிப்பாளராக வளர்ந்த ஜி.டி. நாயுடுவுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் மேல் ஆசைப்பட்டார். ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியவர் அதில் ஊர் சுற்றுவதோடு நிற்கவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்துத் திரும்பவும் பூட்டினார். 1920ல் பொள்ளாச்சி – பழனி தடத்தில் ஒற்றைப் பஸ்ஸோடு தொழிலில் இறங்கினார். அவரை வளர்த்தது அந்தப் பிரித்துப் பார்க்கும் துணிச்சல். உன் கைக்கு மட்டும் அது வராதா?

வரும். ஈஎக்ஸ்ஃபைவ் மாதிரியான கப்சாய்தானே உன்னுடையது? நடு ஸ்டாண்டைப் போட்டு, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார். மிதியிலிருந்து ஒரு கம்பி பின்னால் வருகிறது. அது ஒரு சின்னக் கையை இழுக்கிறது. அந்தக் கை டிரம்முக்குள் இருக்கும் கேமைத் திருப்புகிறது. கேம் இரண்டு பிரேக் ஷூவையும் விரித்து டிரம்மோடு அழுத்துகிறது. இதில் மந்திரம் எங்கே இருக்கிறது?

முதலில் மிதியைக் கையால் அழுத்திப் பார். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் பிரேக் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மேல் தொளதொளவென்று இறங்கினால், கம்பியின் முனையில் இருக்கும் நட்டை முடுக்கு. பலருக்குக் கோளாறு இதோடு தீர்ந்துவிடும். முடுக்கியபின் சக்கரத்தைக் கையால் சுற்று. உரசாமல் ஓட வேண்டும். செயினை இறுக்கும்போது சக்கரம் பின்னால் நகர்வதால், அன்றைக்கும் இந்த நட்டைக் கவனி.

முடுக்கியும் பிடிக்கவில்லையா? மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்னக் கையோடு நகரும் அம்புக்குறியைப் பார். அது பக்கத்தில் இருக்கும் கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துபோய்விட்டது, மாற்று. இங்கேதான் சிலர் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறார்கள். அந்தச் சின்னக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டு, "இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்பார்கள். நம்பாதே! தேய்ந்த ஷூவை அப்படி விரித்தால் கேம் அளவுக்கு மீறித் திரும்பிச் சிக்கிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். சில வெள்ளிக்கு மாற்ற வேண்டிய ஷூவுக்காக உன் உயிரைப் பணயம் வைக்க அவர்கள் யார்?

ஷூவில் கனம் இருந்தும் பிடிக்கவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்று. உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதே, பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடு. ஷூவின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கு. எண்ணெயோ கிரீஸோ ஊறியிருந்தால் கழுவிப் பார்த்து ஏமாறாதே, தூக்கிப் போடு. எங்கிருந்து கசிந்தது என்பதையும் தேடிப் பிடி. மழையில் துருவேறிக் கேம் இறுகியிருந்தால் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவு, ஷூவில் ஒரு துளிகூடப் படாமல். டிரம் எவ்வளவு வரை தேயலாம் என்பதை அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். அதையும் தாண்டித் தேய்ந்திருந்தால் பட்டறைக்குக் கொண்டு போ. அதில் வெட்கமில்லை, என்ன கோளாறு என்று நீயே சொல்லும் நிலையில் போகிறாய், உன்னை யாரும் ஏய்க்க முடியாது.

தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஸ்பானருக்கு ஆண், பெண் தெரியாது.

மாட்டி முடித்ததும் அச்சு நட்டை இறுக்கினாயா என்று இன்னொரு தரம் பார். பின் விளக்கு எரிகிறதா பார். நேரே பெரிய சாலைக்குப் போகாமல், ஆள் நடமாட்டமில்லாத தோட்டத்துப் பாதையில் மெதுவாக ஓட்டி, மிதித்து மிதித்துப் பார். புது ஷூ டிரம்மோடு பொருந்தக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சரியாக நிற்கிறதா? சபாஷ்! கையைக் கழுவாதே. வீட்டு வாசலில் அப்பாவின் மோட்டார் நிற்கிறதல்லவா, அதைத் தள்ளிக்கொண்டு வா.